மேகநாத ஸாஹாவும் அணுவின் சித்திரமும்

தேசத்தொண்டர்களின் வரிசையை நாம் நினைக்கும்போது, சிறை சென்றவர்களும் மேடையேறி ஜனங்களைத் தட்டியெழுப்பியவர்களுமே முதலில் மனக்கண்முன் வருகிறார்கள். ஆராய்ச்சிசாலையில் அமர்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு அவ்வரிசையில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஆயினும் கிழக்கு வங்காளத்துக் கிராமமொன்றில் சிறு மளிகைக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, நட்சத்திரங்களின் உஷ்ணத்தை அறிவதற்குரிய சூத்திரத்தை உலகுக்கு அளித்து, சுதந்திர பாரதத்தின் முதலாவது மக்கள் சபையில் அங்கத்தினராக இருந்து, 1956-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி காலமான மேகநாத ஸாஹாவைச் சேர்க்காவிட்டால் அவ்வரிசை குறைபட்டதேயாகும். அவருடைய சரித்திரத்தை அரசியல் ஊழியர்கள் படிப்பதற்கு விசேஷ காரணம் ஒன்றும் உண்டு. ஒரு கொள்கையை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் அதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற விவேகம் அவருடைய விஞ்ஞானத்தில் தெளிவாக விளங்குகிறது. பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கும் அவ்விவேகம் இன்றியமையாததாகும்.

ஸாஹா 1893-ஆம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி டாக்கா ஜில்லாவில் ஷியோராதலி என்னும் கிராமத்தில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் அவர் ஐந்தாவது. ஆரம்பப் பாடசாலையோடு படிப்பை நிறுத்திக் கடையில் உட்காரவைக்கவே தகப்பனார் எண்ணினார். ஆனால் பையனின் புத்திக்கூர்மையைக் கண்ட உபாத்தியாயர்களும் தமையனாரும் விடவில்லை. பல மைல் தூரத்திலிருந்த நடுத்தரப் பாடசாலையில் அவர் சேர்ந்தார். அவ்வூரில் வைத்தியர் ஒருவர் தம் வீட்டில் இடமும் உணவும் கொடுத்தார். பையன் தன் பாத்திரங்களைத் தானே துலக்கிக்கொண்டு, அவ்வீட்டுப் பசுவையும் கவனித்துக்கொண்டான். நடுத்தரப் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதல்வனாகத் தேறி, மாதம் 4 ரூபாய் உபகாரச் சம்பளத்துடன் டாக்கா அரசாங்கப் பாடசாலைக்குச் சென்றான்.

அச்சமயம் 1905. கர்ஸன் பிரபு வங்காளத்தை இரு கூறாக்கினார். தேசமெங்கும் சுதேசிக் கிளர்ச்சி மூண்டது. கிழக்கு வங்காளத்தின் லெப்டினண்ட் கவர்னர் பாம்பீல்ட் புல்லர் பாடசாலைக்கு விஜயம் செய்தபோது, மாணவர் பலர் அவருடைய வரவேற்பைப் பகிஷ்கரித்தனர். ஸாஹாவும் அவர்களில் ஒருவர். அதற்குத் தண்டனையாகப் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டார்; உபகாரச் சம்பளமும் பறிபோயிற்று. நாலு ரூபாயை நம்பி வந்த ஏழைப் பையனுக்கு அது எத்தகைய இடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தனியார் பாடசாலை ஒன்று அவரை ஏற்றுக்கொண்டது. தமையனார் தம் மாதச் சம்பளம் 20 ரூபாயில் 5 ரூபாயை அவருக்கு அனுப்பிவந்தார். 1909-ல் பிரவேசப் பரீட்சையில் கிழக்கு வங்காளத்து மாணவர்களில் முதல்வராகத் தேறினார்.

பின்னர் 1911-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே அவருடைய ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் சக மாணவர். 1915-ல் எம். எஸ்ஸி. பரீட்சையில் போஸ் முதலாவதாகவும் ஸாஹா இரண்டாவதாகவும் தேறினார்கள். ஆனால் விடுதியில் அவர் பட்ட அவமானத்தை மறைப்பதற்கில்லை. உயர்ந்த ஜாதியார் என்று தம்மைக் கருதிக்கொண்ட மாணவர் சிலர் அவருடன் ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். அந்நிய கவர்னரைப் பகிஷ்கரித்ததற்காக அந்நிய சர்க்கார் அவரைத் தண்டித்தது. பிறந்த குலத்துக்காகச் சொந்த ஜனங்களே அவரைப் பகிஷ்கரித்தார்கள். இவ்விரண்டையும் அவர் கடைசிவரை மறக்கவில்லை. சர்க்காரின் நிதி இலாகா உத்தியோகப் பரீட்சைக்குச் செல்ல விரும்பியபோது, புரட்சிக்காரர்களோடு பழக்கமுண்டு என்ற சந்தேகத்தினால் அனுமதி மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு விஞ்ஞானத்துக்கு லாபமாயிற்று.

1916-ல் கல்கத்தா சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கலாசாலையில் அவர் ஆசிரியரானார். அதைத் தோற்றுவித்தவர் ஹைகோர்ட்டு நீதிபதியான அசுதோஷ் முகர்ஜி. லட்சக்கணக்கான ரூபாயை அதற்கு வழங்கிய தாரகநாத் பாலித், ராஸ்பிஹாரி கோஷ் ஆகிய இருவரும் வக்கீல்கள். வழக்காடிச் சம்பாதித்த செல்வத்தை விஞ்ஞானத்துக்கு அர்ப்பணித்த அவ்விருவரையும் நம் வக்கீல்கள் நினைவில் வைப்பது நன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸி. வி. ராமன் 1917-ல் பாலித் பெயரால் அமைந்த ஆசிரிய பீடத்தை ஏற்றதும் இங்கேதான். அது யுத்த காலம். ஐரோப்பியப் பத்திரிகைகள் ஒழுங்காக வந்துசேரவில்லை. ஸாஹாவும் போஸும் ஜெர்மன் பாஷையைக் கற்று, கைக்குக் கிட்டிய நூல்களைக் கொண்டு புதிய பௌதிகத்தைத் தாமே பயின்று, மாணவர்களுக்கும் போதித்தார்கள். ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை இருவரும் இங்கிலீஷில் மொழிபெயர்க்க, சர்வகலாசாலை 1920-ல் அதை வெளியிட்டது.

அவர்கள் பயின்ற புதிய பௌதிகத்தின் நடுநாயகமான பிரச்னை, அணுவின் அமைப்பு என்ன என்பது. பகுக்க முடியாததென்று நெடுங்காலம் கருதப்பட்ட அணுவுக்குள் எதிர் மின்சாரமுள்ள எலெக்ட்ரான் இருப்பதை 1897-ல் ஜே. ஜே. தாம்ஸன் கண்டார். மொத்தத்தில் அணுவுக்கு மின்சாரம் இல்லை. ஆகவே எலெக்ட்ரானுக்கு ஈடான நேர் மின்சாரமும் உள்ளே இருந்தாக வேண்டும். அது உருண்டை முழுவதும் சமமாகப் பரவியிருக்கிறதென்றும், லட்டில் திராட்சை பதிந்திருப்பதைப் போல எலெக்ட்ரான்கள் அதில் பதிந்திருக்கின்றனவென்றும் 1904-ல் தாம்ஸன் ஒரு சித்திரம் வரைந்தார். அதே வருஷம் ஜப்பானியரான நாகவோகா, நடுவே பெரிய நேர் மின்சார உருண்டையும், சனிக்கிரகத்தின் வளையம்போல் அதைச் சுற்றி எலெக்ட்ரான்களும் உள்ள வேறொரு சித்திரத்தைத் தந்தார். ஒன்றையொன்று தள்ளும் எலெக்ட்ரான்கள் அவ்வாறு வளையமாக நிலைத்திருக்கமாட்டா என்ற ஆட்சேபத்துக்கு விடை கிடைக்கவில்லை. சில வருஷங்களில் அவரே அதைக் கைவிட்டார்.

தாம்ஸனின் சித்திரத்தைச் சாய்த்தது பரிசோதனை. மான்செஸ்டரில் ரூதர்போர்டின் மேற்பார்வையில் கைகரும் மார்ஸ்டனும் 1909-ல் ஆல்பா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டில் செலுத்தினார்கள். பெரும்பாலானவை நேரே சென்றன. ஏறக்குறைய 8,000-ல் ஒன்று மாத்திரம் வந்த வழியே திரும்பியது. பரவிக்கிடக்கும் மின்சாரத்துக்கு அவ்வளவு வேகமான துகளைத் திருப்பும் சக்தி இராது. ஆதலால் நேர் மின்சாரமும் ஏறக்குறைய முழு எடையும் அணுவின் நடுவில் மிகச் சிறிய கருவில் அடங்கியிருக்கின்றன என்று 1911-ல் ரூதர்போர்டு முடிவு செய்தார். ஆனால் இச்சித்திரத்துக்கும் ஒரு பெருங்குறை இருந்தது. வட்டமிடும் எலெக்ட்ரான், அக்காலத்து மின்சார சாஸ்திரத்தின்படி, ஒளியை வீசிச் சக்தியை இழந்து, விநாடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கருவில் விழுந்துவிட வேண்டும். அப்படியானால் உலகில் எந்தப் பொருளும் நிலைத்திராது.

1913-ல் டென்மார்க் தேசத்து நீல்ஸ் போர் துணிந்து ஒரு விதி செய்தார். குறிப்பிட்ட சில பாதைகளில் மாத்திரம் எலெக்ட்ரான் சுற்றலாம். அங்கே சுற்றும்வரை ஒளி வீசாது. ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மாத்திரம், இரண்டுக்கும் உள்ள சக்தி வித்தியாசத்தை ஒளியாக வெளியிடும் அல்லது ஏற்கும். இதன்படி கணக்கிட்டால் ஹைட்ரஜனின் ஒளியில் காணும் ரேகைகள் அப்படியே வந்தன. விஞ்ஞானிகள் வியந்தார்கள். ஆனால் இரண்டே எலெக்ட்ரான்களுள்ள ஹீலியத்தில் கணக்கு தவறியது. ரேகைகளில் ஒன்று ஏன் பிரகாசமாகவும் மற்றொன்று ஏன் மங்கலாகவும் இருக்கிறதென்பதற்கு விடையில்லை. காந்தத்தின் நடுவே அவை பல கூறுகளாகப் பிளப்பதையும் அது முழுதும் விளக்கவில்லை. ஏன் சில பாதைகள் மாத்திரம் என்ற ஆதாரக் கேள்விக்கும் போரின் விதி பதில் சொல்லவில்லை. ஒரு எலெக்ட்ரானுக்குச் செல்லுபடியான சட்டம் இரண்டு எலெக்ட்ரான் கூடியதும் செல்லாமற் போயிற்று. இத்தகைய குறையுள்ள கருவியைக் கொண்டுதான் ஸாஹா சூரியனை ஆராயப் புறப்பட்டார்.

அவர் எடுத்துக்கொண்ட பிரச்னையை நம் பாலாற்றங்கரை வாசகர்களுக்கு விளக்குவது கடினமன்று. பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடிவரை தோல் பதனிடும் தொழிலை அறியாதவர் இலர். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். அச்சுண்ணாம்பில் உள்ள தாது கால்ஸியம். அதே கால்ஸியம் சூரியனிலும் இருக்கிறது. அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் ஊதா ஓரத்தில் இரண்டு பலமான ரேகைகளாகத் தெரிகிறது. கொடைக்கானல் வானாராய்ச்சிசாலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அவ்வொளியில் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். கிரகணங்களின்போது அளந்ததில் அவ்விரு ரேகைகள் சூரிய விளிம்புக்கு மேல் சுமார் 14,000 கிலோமீட்டர் உயரம்வரை தெரிந்தன. கால்ஸியத்தின் சாதாரண ரேகையோ மிகக் குறைந்த உயரத்தோடு நின்றது. அந்த இரு ரேகைகளும் ஓர் எலெக்ட்ரானை இழந்த கால்ஸியத்துக்கு உரியவை. சூட்டினால்தான் அணு எலெக்ட்ரானை இழக்குமென்றால், மேலே போகப்போக ஏன் இழந்த அணுவே மிகுந்து காணவேண்டும்? லாக்கியர் போன்ற பெரியோர்களும் இதற்குப் பொருத்தமான விடை காணவில்லை.

ஸாஹா இதை ரஸாயனக் கண்கொண்டு பார்த்தார். சுண்ணாம்புக் காளவாயில் கல்லைச் சுட்டால், அது சுண்ணாம்பாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிகிறது. வாயு வெளியேறிக்கொண்டே இருந்தால் கல் முழுதும் வெந்துவிடும். மூடிய பாத்திரத்தில் வாயு தேங்கி அழுத்துமானால், உஷ்ணம் அதேயாயினும் பிரிவு ஓரளவோடு நின்றுவிடும். அணு எலெக்ட்ரானைப் பிரிவதும் இவ்வாறே என்று அவர் கொண்டார். சூரியனின் கீழடுக்கில் அழுத்தம் அதிகம். பிரிந்த எலெக்ட்ரான் விரைவில் மீண்டும் ஓர் அணுவைச் சேர்ந்துவிடுகிறது. மேலடுக்கில் அழுத்தம் மிகக் குறைவு. பிரிந்தது சேர வாய்ப்பில்லை. ஆகவே அங்கே எலெக்ட்ரானை இழந்த கால்ஸியமே மிகுதி. உஷ்ணம், அழுத்தம், எலெக்ட்ரானைப் பிரிக்க வேண்டிய சக்தி ஆகிய மூன்றும் தெரிந்தால், நூற்றுக்கு எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழந்திருக்கும் என்பதைச் சொல்லும் சமன்பாட்டை அவர் அமைத்தார். 1920 அக்டோபரில் லண்டன் பிலஸாபிகல் மாகஸினில் அது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அவருடைய விவேகம் எங்கே இருக்கிறதென்பதை இங்கே கவனிக்க வேண்டும். நட்சத்திரங்களில் அணு பிரிவதை ரஸாயன மாறுதலாகக் கருதலாம் என்ற யோசனையை 1919-ல் எக்கர்ட் என்ற ஜெர்மானியர் வெளியிட்டிருந்தார். ஆனால் பிரிக்கும் சக்தியின் அளவை அவர் உத்தேசமாக வைத்துக்கொண்டார். ஸாஹா உத்தேசத்தை ஏற்கவில்லை. இருபது எலெக்ட்ரான்களுள்ள கால்ஸியத்துக்குப் போரின் பாதைகளைக் கொண்டு அச்சக்தியைக் கணக்கிட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகையால் போரிடமிருந்து, அணுவுக்கு நிச்சயமான சக்தி நிலைகள் உண்டு, எலெக்ட்ரானைப் பிரிக்க நிச்சயமான ஒரு விலை உண்டு என்ற கருத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டார். அவ்விலை எவ்வளவு என்பதைப் பரிசோதனைசாலையில் அளந்தவர்களிடமிருந்து பெற்றார். மாதிரி எதுவரை தாங்குமோ அதுவரை அதை நம்பினார். அதற்கு மேல் அளவையை நம்பினார்.

பலன் விரைவில் தெரிந்தது. சூரிய ஒளியில் காணப்படாத ரூபிடியம், உஷ்ணம் குறைந்த சூரியப் புள்ளிகளில் காணப்பட வேண்டும் என்று ஸாஹா முன்கூட்டிச் சொன்னார். அமெரிக்க வானசாஸ்திரி ரஸல் புள்ளிகளின் படங்களை ஆராய்ந்து அதைக் கண்டார். நட்சத்திரங்களைப் பல வகுப்புகளாக அதற்கு முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். அவ்வகுப்புகளின் வித்தியாசம் பெரும்பாலும் உஷ்ணத்தின் வித்தியாசமே என்பது ஸாஹாவினால் விளங்கிற்று. 1925-ல் ஸெஸிலியா பெயின் என்ற அம்மையார் ஸாஹாவின் சமன்பாட்டைப் பயன்படுத்தி, நட்சத்திரங்களில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே மிகுதி என்று கணக்கிட்டார். நமக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூரில் 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அமைந்தன. அங்கே பிரித்தெடுக்கப்படும் ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒளியையும் படிக்க ஸாஹாவின் சமன்பாடே அரிச்சுவடி.

1925-லும் 1926-லும் ஹைஸன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் புதிய பௌதிகத்தை நிறுவியபோது, போரின் பாதைகள் மறைந்தன. எலெக்ட்ரான் இந்த இடத்தில் இந்தப் பாதையில் சுற்றுகிறதென்று சொல்வதற்கில்லாமற் போயிற்று. ஆனால் ஸாஹாவின் சமன்பாடு விழவில்லை. சக்தி நிலைகள் என்ற கருத்து புதிய பௌதிகத்திலும் நிலைத்தது. அளந்த எண்கள் அளந்த எண்களாகவே இருந்தன. அவருடைய வேலையிலும் குறைகள் இருந்தன. ஒரு தாதுவைத் தனியே எடுத்துக் கணக்கிட்டிருந்தார். பல தாதுக்கள் கலந்திருக்கையில் ஒன்றின் எலெக்ட்ரான் இன்னொன்றைப் பாதிக்கும் என்பதை ரஸல் சேர்த்தார். பௌலரும் மில்னும் கணக்கை மேலும் திருத்தினார்கள். உஷ்ணம் சமநிலை பெற்ற இடத்துக்கே அச்சமன்பாடு பொருந்தும். சூரியனைச் சூழ்ந்துள்ள, பத்து லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட கொரோனாவில் பொருந்தாது. எல்லை இதுவென்று தெரிந்திருப்பதனாலேயே எல்லைக்குள் அது ஐயமின்றிப் பயன்படுகிறது.

1927-ல் லண்டன் ராயல் ஸொஸைடி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை அவருடைய பெயர் சொல்லப்பட்டும் பரிசு கிடைக்கவில்லை. 1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் ஆசிரியராக இருந்து, பின் கல்கத்தாவுக்குத் திரும்பினார். அங்கே அவர் நிறுவிய அணுக்கரு ஆராய்ச்சி ஸ்தாபனத்தை 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்துவைத்தார். இன்று அது ஸாஹாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆராய்ச்சிசாலையின் சுவர்களுக்குள் அவர் அடைபட்டிருக்கவில்லை. 1922-ல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது பிரபுல்ல சந்திர ராயின் தலைமையில் நிவாரண வேலை செய்தார். அதிலிருந்து நதிகளின் போக்கை ஆராயத் தொடங்கினார். தாமோதர் நதித் திட்டம் உருவாவதற்கு அவருடைய எழுத்துக்களும் காரணம். 1938-ல் காங்கிரஸ் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸைத் தூண்டி, ஜவாஹர்லால் நேருவின் தலைமையில் தேசியத் திட்டக் கமிட்டி அமைவதற்குத் துணை நின்றார். கைராட்டையையும் கிராமத் தொழிலையும் மாத்திரம் கொண்டு தேசத்தின் வறுமை நீங்காதென்பது அவருடைய கட்சி. காந்தி பக்தர் பலருக்கு அது கசந்தது. அந்த விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும், மின்சார உற்பத்தி, நிலக்கரி, நதிநீர் ஆகியவற்றின் எண்களை முன்வைத்து அவர் வாதாடினார் என்பதை யாரும் மறுக்க முடியாது. 1952-ல் வடமேற்குக் கல்கத்தாவிலிருந்து மக்கள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அணுசக்தி வேலை யாவும் ஒரே இடத்தில் இரகசியமாக அடைபடலாகாது என்று 1954-ல் அங்கே வாதாடினார்.

பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டிக்கு அவர் தலைமை வகித்ததும் இதே மனப்பான்மையினால்தான். ஸூரிய ஸித்தாந்தத்தின் வருஷம், பருவங்களை நிர்ணயிக்கும் உண்மையான வருஷத்தைவிடச் சுமார் 24 நிமிஷம் அதிகம். ஒரு வருஷத்தில் அது அற்பம். 1,400 வருஷத்தில் 23 நாளாகிறது. இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச்சில் கழிந்தும், நம் சித்திரை ஏப்ரல் மத்தியில் பிறப்பது இதனாலேயே. முன்னோர் தம் காலத்துக்குச் சரியாகவே கணித்தார்கள். அதைத் திருத்தாமல் விட்டது பின்னோரின் குற்றம். 1955-ல் கமிட்டி அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 முதல் சர்க்கார் தேசிய நாட்காட்டியை ஏற்றது. அந்நாளைக் காண ஸாஹா உயிரோடில்லை. முந்திய வருஷமே, டில்லியில் திட்டக் கமிஷன் காரியாலயத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பினால் விழுந்து இறந்தார்.

ஸாஹா கனவு கண்ட தொழில்மய பாரதத்தின் மாதிரிக்கும் எல்லை உண்டென்பதை நம் பாலாறு நமக்குக் காட்டியிருக்கிறது. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலம் போய், குரோம் உப்பு வந்தது, ஏற்றுமதி பெருகியது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் வயலிலும் சேர்ந்தது. வேலூர் ஜனங்களின் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தை நம் தேசத்துச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோல் பதனிடும் சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தொழிலே வேண்டாமென்பாரும், தொழில் நடந்தால் ஆறு எக்கேடு கெட்டாலென்ன என்பாரும் நம்மிடையே இருக்கின்றனர். இரு சாராரும் தம் மாதிரியைப் பிடித்துக்கொண்டு அளவையை விட்டவர்கள். கிணற்று நீரில் உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, எத்தனை குடும்பம் அத்தொழிலை நம்பியிருக்கிறது என்ற எண்களைக் கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஸாஹாவின் முறை அது.

அரசியல் ஊழியனுக்குக் கொள்கை அவசியம். கொள்கையின்றி எதையும் தொடங்க முடியாது. போரின் மாதிரி இல்லாவிட்டால் ஸாஹாவுக்கும் சமன்பாடு பிறந்திராது. ஆனால் கொள்கையை வேதமாக்கிக்கொண்டவன், அது பொய்க்கும் நாளில் தானும் விழுகிறான். அதன் எல்லையை அறிந்து, எல்லைக்கு அப்பால் உண்மையை அளந்து செல்பவன் கட்டியது நிற்கும். நாலு ரூபாய் உபகாரச் சம்பளத்தை இழந்த அந்தச் சிறுவன் நமக்கு விட்டுச்சென்ற சொத்து இதுவே. தேர்தல் அறிக்கை எழுதுவோரும், திட்டம் தீட்டுவோரும், மேடையில் பேசுவோரும் அதைக் கைக்கொள்வார்களாக.